விமானத்தின் நடு எது?

விமானப் படம் எடுப்பவர்கள் வெளிச்சத்தையும் கூர்மையையும் பற்றி நிறையப் பேசுகிறார்கள். சட்டகத்துக்குள் விமானம் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஜெட்ஃபோட்டோஸ், ஏர்லைனர்ஸ்.நெட் போன்ற விமானப்பட இணையதளங்கள் ஒவ்வொரு படத்தையும் சோதித்த பிறகே ஏற்கின்றன. விமானம் சட்டகத்தில் மேலேறியோ கீழிறங்கியோ இருந்தால், அந்தக் குறை ஒன்றுக்காகவே படம் திரும்பி வரலாம்.

மலேசியாவின் டெங்கில் பக்கம் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வாழும் எங்களுக்கு, 1998இல் சிப்பாங்கில் கேஎல்ஐஏ என்ற கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது நல்ல லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் அண்மையில், தரையிறங்க வரும் போயிங் 737-800 ஒன்றின் பக்கவாட்டுப் படத்தைக் காட்டி, “அண்ணே, வால் நுனியிலிருந்து சக்கரத்து அடிவரைக்கும் அளந்து, நடு சரியா வர்ற மாதிரிதான் படத்தோட ஓரங்களை வெட்டினேன், ஆனா கீழ இறங்கின மாதிரியே இருக்கே” என்றான். கண் சொன்னதை அவன் நம்பியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதற்கான விடை விமானத்தின் அளவிலேயே இருக்கிறது. 737-800 தரையில் நிற்கும்போது வால் நுனிவரை ஏறத்தாழ 12.5 மீட்டர் உயரம். உடற்பகுதியின் உயரமோ 4 மீட்டர்தான், அதுவும் தரைக்கு மிக அருகே அமைந்திருக்கிறது. மொத்த உயரத்தின் பாதி 6.25 மீட்டர் என்று கோடு போட்டால், அந்தக் கோடு உடற்பகுதியின் கூரையைக்கூடத் தொடாமல் அதற்கு மேலே வெறும் வானத்தில் ஓடும். ஆகவே அளந்து வெட்டிய படத்தில் சன்னல் வரிசை, கதவுகள், நிறுவனத்தின் பெயர் எல்லாமே நடுக்கோட்டுக்குக் கீழே போய்விடுகின்றன. தேரைப் படமெடுக்கும்போது கலசத்தின் நுனியை வைத்தா நடுவைப் பார்க்கிறோம்? சாமி வீற்றிருக்கும் இடத்தைத்தானே பார்க்கிறோம்.

மூக்கு நுனியையும் வாலின் கடைக்கூம்பையும் (உடற்பகுதி கூம்பி முடியும் பின்முனை) இணைக்கும் கோட்டின் நடுவைச் சட்டகத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு நிமிர்ந்து நிற்கும் வாலுக்கு ஈடாக விமானத்தைச் சற்றே கீழிறக்குவது என் வழக்கம். எவ்வளவு இறக்குவது என்பதைப் படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் கண்ணே சொல்லிவிடும். கோலாலம்பூரை அடுத்த சுபாங் விமான நிலையத்திலிருந்து பறக்கும் ஏடிஆர் 72 விமானங்களுக்கு வாலின் உச்சியிலேயே கிடைமட்டச் சிறகும் இருப்பதால், மேற்பகுதி கனத்துத் தெரியும். அவற்றை இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.

மூக்குக்கு முன்னால் அதிக இடம் விட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். வெறும் வானத்தில் முழு விமானமும் பக்கவாட்டாகத் தெரியும் படத்துக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. இருபுறமும் ஒரே அளவு இடைவெளி இருந்தால்தான் விமானம் நிலைகொள்ளும். அகலமும் உயரமும் 3:2 என்ற விகிதத்தில் உள்ள சட்டகத்தின் அகலத்தை 39.5 மீட்டர் நீளமுள்ள இந்த விமானம் முழுவதும் நிரப்பினாலும், உயரத்தில் பாதியைக்கூட அது எடுத்துக்கொள்ளாது. மேலும் கீழும் நகர்த்த வேண்டிய இடம் எப்போதும் மிஞ்சும், பக்கங்களில்தான் மிஞ்சாது. அதனால் எடுக்கும்போதே இருபுறமும் தாராளமாக விட்டுவிட வேண்டும்.

செம்பனை வரிசையோ ஓடுபாதையோ சட்டகத்துக்குள் வந்துவிட்டால் கணக்கே வேறு. அப்போது தரையும் படத்தின் ஒரு பகுதியாகிவிடுவதால், விமானத்தை மேலே ஏற்றி வைப்பதே அழகு. ஆனால் மர வரிசை மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குவதால், அதை வைத்துப் படத்தின் சாய்வைச் சரிசெய்யக்கூடாது. கட்டுப்பாட்டுக் கோபுரமோ விளக்குக் கம்பமோ இருந்தால் அதை முதலில் நிமிர்த்திவிட்டு, அதன் பிறகே வெட்ட வேண்டும்.