பன்னீர் செம்பு குலுக்குற தேனீ

போன வருஷம் புரட்டாசில ஆன்லைன்ல ஒரு பாக்கெட் வாங்கினேன், தேனீக்கான காட்டுப்பூ விதை கலவைனு போட்டிருந்துச்சு, கவர்ல இருந்த படத்தை பாத்தா ஊட்டி மலர் கண்காட்சியே தோத்துடும். ராயக்கோட்டை பக்கம் எங்க கொல்லைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல ஒரு அறுபது எழுபது அடி நீளத்துக்கு இடம் சும்மா கெடக்கு, அதுல தூவிட்டு ரெண்டு வாரம் குடத்துல தண்ணி மொண்டு மொண்டு ஊத்தினேன். ஆரஞ்சு கலர் காஸ்மோஸ் கொஞ்சம் வந்துச்சு, ஜினியா நாலு செடி, மிச்சதெல்லாம் எங்க போச்சுனே தெரியல. அந்த காஸ்மோஸ் மெக்சிகோ பக்கத்து செடி, விட்டா தானா பரவி இடத்தை புடிச்சுக்கும்னு அப்புறமாதான் படிச்சேன், புடுங்கி போட்டுட்டேன்.

ஆயா திண்ணைல உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டு கடைசில ஒன்னு கேட்டாங்க, "ஏன்டா கண்ணு, ரோட்டோரத்துல பூ இல்லைனு உனக்கு யாரு சொன்னது?"

சொன்னது இங்கிலாந்து வீடியோ ஒன்னு. அவங்களுக்கு நிஜமாவே இல்ல, 1930களுக்கு அப்புறம் அங்க இருந்த பூப்புல்வெளில 97 சதவீதம் போயிடுச்சு, அதனால ரோட்டோரத்துல விதை போட்டு திரும்ப கொண்டு வர்றாங்க. நமக்கு மழை ரெண்டு பேஞ்சா தும்பை, துத்தி, கொழுஞ்சி, நெருஞ்சி, பூளைப்பூ, ஆவாரைனு தானா முளைச்சு நிக்குது. நாமதான் அதுக்கு களைனு பேர் வெச்சு மருந்து அடிக்கிறோம்.

சரி விஷயத்துக்கு வரேன். தக்காளிக்கு தண்ணி பாய்ச்ச காலைல ஏழு மணிக்கு போனா வரப்போரம் இருக்கிற ஆவாரைல ஒரு சத்தம் வரும், செல்போன் வைப்ரேட்ல அதிருற மாதிரி. ஒருநாள் கிட்ட போய் குந்திக்கிட்டு பாத்தேன். தேனீ சைஸ்தான், வயித்துல வரி வரியா நீலம், வெயில் பட்டா மயில் கழுத்து மாதிரி மின்னுது. நீலப்பட்டைத் தேனீனு சொல்றாங்க. பூவை கட்டிப் புடிச்சுக்கிட்டு றெக்கையை மடிச்சு வெச்சுட்டு உடம்பை மட்டும் அதிர வைக்குது, பறக்குறப்ப ஒரு சுதி, பூவுல உக்காந்ததும் சுதி ஏறுது, உடனே மஞ்சப் பொடி அது வயித்துல கொட்டுது, கால்ல வழிச்சு எடுத்துக்கிட்டு அடுத்த பூ. மொத்தம் ரெண்டு மூணு செகண்டு.

ஆவாரம்பூவுல சொட்டு தேன் கூட கிடையாது தெரியுமா? மகரந்தம் மட்டும்தான், அதுவும் குழாய்க்குள்ள அடைச்சு நுனில ஊசி ஓட்டை மாதிரி விட்டிருக்கு, கல்யாண வீட்டு பன்னீர் செம்பு மாதிரி குலுக்கினாதான் வெளிய வரும். தக்காளிப் பூவும் கத்திரிப் பூவும் இதே கதைதான். தக்காளிக்கு காத்துலயே மகரந்தச் சேர்க்கை ஓரளவு ஆயிடும், ஆனா குலுக்க ஆள் இருந்தா காய் நல்லா புடிக்கும். பெட்டில வளர்க்கிற அடுக்குத்தேனீக்கு இந்த குலுக்குற வித்தை தெரியாது. பெரியப்பா தக்காளிக்குனே நாலு பெட்டி வாங்கி வெச்சாரு, அதுங்க நேரா பக்கத்து கேழ்வரகு கொல்லைல ஓரஞ்சாரமா போட்டிருந்த பேயெள்ளுங்கிற எண்ணெய் வித்துச் செடிக்கு போயிடுச்சு. பேயெள்ளுக்காரருக்கு யோகம், அதுக்கு தேனீ வந்தாதான் விதையே புடிக்கும். வெளிநாட்டுல கண்ணாடி வீட்டுக்குள்ள தக்காளி போடுறவங்க 1980கள் கடைசில இருந்து பம்பிள்பீனு ஒரு வகையை பெட்டி பெட்டியா காசு குடுத்து வாங்கி விடுறாங்க, அது செய்யிறதும் இந்த குலுக்கல்தான். நமக்கு அதே வேலையை இந்த நீலப்பட்டையும், எருக்கம்பூவுல சுத்துமே பெரிய கருவண்டு, அதுவும் சும்மா செஞ்சு குடுத்துட்டு போகுது. (அதனால விளைச்சல் அள்ளுச்சுனு கதை விட மாட்டேன், போன தடவை தக்காளி வித்த காசு பறிகூலிக்கே பத்தல, அது தனி சோகம்.)

தக்காளி பூக்குறது கொஞ்ச நாள்தான், மிச்ச நாளைக்கு அதுங்க என்ன திங்கும்? மகரந்தத்துக்கு ஆவாரை, தேனுக்கு தும்பையும் துளசியும். கூட்டுக்கு நீலப்பட்டைக்கு மண்ணு வேணும், எங்க பழைய மாட்டுக்கொட்டாய் மண் சுவத்துல விரல் நுழையுற அளவு ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, அதான் அதுங்க வீடு. போன மாசம் அந்த சுவத்துக்கு சிமெண்ட் பூசலாம்னு அப்பா ஆரம்பிச்சாரு, காலைப் புடிக்காத குறையா கெஞ்சி நிறுத்தினேன். கருவண்டுக்கு காஞ்ச கட்டை போதும், கொட்டாய் உத்திரத்துல ஏற்கெனவே குடி வந்தாச்சு.

மார்கழி கடைசில ரோட்டோரம் சுத்தம் பண்றோம்னு ஜேசிபி வந்துச்சு. அப்பதான் ஆவாரை முழுசா பூத்து நிக்குது, பொங்கலுக்கு காப்பு கட்ட ஊரே அங்கதான் வந்து ஒடைக்கும். அரை மணி நேரத்துல மொத்தமும் வழிச்சு ஓரமா குவிச்சு கொளுத்திட்டாங்க. கேட்டா பாம்பு வரும், வளைவுல எதிர்ல வர்ற வண்டி தெரியாதுனாங்க. அதுவும் நியாயம்தான், ஆனா அதுக்கு தார் ஓரத்துல ஒரு மூணு அடி வெட்டினா பத்தாதா, பின்னாடி வேலி வரைக்கும் எதுக்கு? அதையே விதை கொட்டின அப்புறம் வெட்டியிருந்தா அடுத்த மழைக்கு அதுவே முளைச்சிருக்கும்.

அந்த வருஷம் காப்பு கட்ட ஆவாரம்பூவுக்கு ஆயா பக்கத்து ஊரு ஏரிக்கரை வரைக்கும் நடந்தாங்க, வர்றப்ப காஞ்ச காய் ஒரு மடி ஒடைச்சுக்கிட்டு வந்துட்டாங்க. விதைத் தோல் கல்லு மாதிரி இருக்கும், அப்படியே போட்டா சீக்கிரத்துல முளைக்காது, அடுப்புல இருந்து இறக்கின சுடுதண்ணில போட்டு ராத்திரி முழுக்க ஊற வெக்கணும், இல்ல மணலோட சேத்து துணில கட்டி நல்லா தேய்க்கணும். ஆடில ஒரு மழை பேஞ்சதும் தார்ல இருந்து நாலு அடி தள்ளி குழிக்கு மூணு விதையா போட்டோம். தும்பை நாங்க போடல, அதுவா வந்துச்சு.

இப்ப செடி முழங்கால் உசரம். நேத்து சாயங்காலம் டார்ச் அடிச்சு பாத்தா காஞ்ச தும்பைக் குச்சில ஏழு நீலப்பட்டை வரிசையா வாயால குச்சியை கடிச்சுக்கிட்டு தொங்கிக்கிட்டே தூங்குதுங்க, ஆம்பளை தேனீங்க இப்படித்தான் வெளிய தூங்கும். ஆயாவை கூப்புட்டு காட்டினேன். "லைட்டை அணைடா, பாவம்"னாங்க.