அட்டைப்படமும் மூன்று மில்லிமீட்டரும்

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள், பக்க எண்ணிக்கை முடிவாகும் முன் அட்டைக்கு ஆள் பிடிக்காதீர்கள். நான் பிடித்தேன், நன்றாக அனுபவித்தேன்.

வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. படம்தானே, மொழி எதற்கு என்று முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன். முதல் மாதிரியில் படம் பிரமாதம், தலைப்பில் இருந்த 'கொ' மட்டும் கந்தல். ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒரு புள்ளிவட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபான்ட்தான் சரியில்லை என்று நான் ஐந்து ஃபான்ட் அனுப்ப, அவர் ஐந்து முறையும் அதே கோளாறோடு திருப்பி அனுப்ப, இரண்டு வாரம் போயே போச்சு. கடைசியில் பார்த்தால், அவர் வைத்திருந்த பழைய போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கென்று ஒரு டைப் செட்டிங் இருந்தது, அதற்கு அவர் மாற்றவே இல்லை! சரியானதும் எழுத்தை அவுட்லைன் ஆக்கச் சொல்லுங்கள், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக, அச்சகத்துக் கணினியில் மறுபடி உடையாது. ஆனால் ஆக்கிய பிறகு ஒரு புள்ளியைக்கூடத் தட்டச்சு செய்து திருத்த முடியாது, அதனால் திருத்தக்கூடிய பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் கேட்கவில்லை.

கிண்டில் மின்னூலுக்கான அட்டை உயரம் 2560, அகலம் 1600 பிக்சல், முன்பக்கம் மட்டும், ஒரே நாளில் முடிந்தது.

அச்சு அட்டையில்தான் முதுகு, அதாவது முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவே புத்தகத்தின் தடிமனை மூடுகிற பட்டை, வந்து கழுத்தை அறுத்தது. 10 மி.மீ. என்று சொல்லி வரைய வைத்திருந்தேன். அப்புறம் முன்னுரை நீண்டது, தாளையும் கொஞ்சம் கனமானதாக மாற்றினேன், 13 ஆகிவிட்டது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று விட்டால் முதுகின் நடுவில் இருக்க வேண்டிய பெயர் ஒரு மடிப்புப் பக்கமாக நகர்ந்துவிடும், முன்னட்டைப் படமும் முதுகில் ஏறிவிடும். திருத்துவதற்கு மூலக் கோப்பு எங்கே என்றால், அது பேச்சிலேயே இல்லை, தனிக் கட்டணம் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், முதலிலேயே எழுதி வாங்காதது என் தப்பு. கட்டினேன்.

திரையில் பளபளத்த நீலம், அச்சு மைக்கான நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றியதும் மங்கிப்போனது வேறு கதை. மாதிரிப் பிரதி ஒன்று அடித்துப் பார்க்காமல் மொத்தமாக அடிக்கச் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது புத்தகம் கையில் இருக்கிறது. முதுகில் பெயர் நட்டநடுவில் நிற்கிறது, அலமாரியில் அந்தப் பக்கம் தெரிகிற மாதிரிதான் வைத்திருக்கிறேன். பின்னட்டையில் ஒரு 'க்' விட்டுப்போயிருக்கிறது. இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.