ஓய்வுக்குப் பிறகு வாட்டர்கலர்: பொழுதுபோக்கு தொழிலான விதம்

பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவன் நான். மதகு, கரை, ஷட்டர் என்று கோடு போட்டே பழகிய கை. அதனால் வாட்டர்கலர் சுலபமாக வந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கைதான் இடைஞ்சல். பாலமும் கரையும் அளவு பிசகாமல் விழும்; ஆனால் பார்க்கிறவருக்கு ஆறு தெரியாது, ஆற்றின் பிளான்தான் தெரியும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்த ஒரு தம்பி, என் மகன் வயது. "சார், கோட்டுக்குள்ள கலர் அடிக்காதீங்க. தண்ணி போற பக்கம் விடுங்க" என்பார். பென்சிலைக் கீழே வைக்க வைத்ததே அவருடைய பெரிய சாதனை.

பழகிய இடம் முக்கொம்பு, திருச்சி பக்கம் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். திருச்சி வெயிலில் சித்திரை மாதம் காலை எட்டு மணி தாண்டினால் வானத்துக்கு வாஷ் (நீர்த்த சாயத்தைப் பரப்பிவிடுவது) போட முடியாது. அட்டையைச் சாய்ப்பதற்குள் காய்ந்து பட்டை பட்டையாக நிற்கும். அதனால் விடியும்போதே போய், தாளின் இரண்டு பக்கத்தையும் நனைத்து அக்ரிலிக் ஷீட்டில் ஒட்டவைத்துத் தொடங்குவேன். ஐப்பசியில் தலைகீழ்: தாள் காயவே காயாது. ஆற்று மினுமினுப்புக்கு வெள்ளைச் சாயம் வேண்டாம். சொரசொரப்பான தாளில், ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷைப் படுக்கவைத்து வேகமாக ஒரு இழுப்பு. மேட்டில் மட்டும் நிறம் ஏறும், பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளைதான் வெயில் பட்ட தண்ணீர். ஒரே இழுப்புதான், மறுபடி கை வைத்தால் போச்சு. வாழைத்தோப்புக்கு ட்யூபில் வரும் பச்சை ஒத்துவராது, பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். அல்ட்ராமரினும் லெமன் யெல்லோவும் கலந்து, துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் நம்ம ஊர்ப் பச்சை வரும்.

படம் போட வந்துவிட்டது, சரி. விற்பது வேறு படிப்பு.

காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் படம் வாங்கியவர் சுவரில் நிறம் மாறாமல் இருக்க வேண்டும். அதனால் ட்யூபில் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிறமி எண்ணை, அதாவது உள்ளே இருப்பது எந்தச் சாயப்பொருள் என்று காட்டும் குறியீட்டை, பார்க்க ஆரம்பித்தேன். பிஆர்83 என்று போட்ட அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுக்கும். அதற்குப் பதில் பிவி19 வகைச் சிவப்பு. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம், முழுப் பருத்தி. விலை கடிக்கும். ஆனாலும் மரக்கூழ்த் தாளில் போட்டு விற்பதற்கு விற்காமலே இருக்கலாம். ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் மவுன்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைக்கச் சொல்வேன். நம்ம ஊர் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடித்துவிடும்.

விலைதான் எல்லோரும் கேட்பது. துணிக்கடை மாதிரி, அளவுக்குத்தான் விலை. தொடக்கத்தில் சதுர அங்குலத்துக்கு 20 ரூபாய் வைத்தேன். கால் தாள், அதாவது 11-க்கு 15 அங்குலம், 3,300 ரூபாய். மனசுக்குப் பிடித்த படம் என்று கூட்டிச் சொல்வதில்லை, சுமார் என்று குறைப்பதும் இல்லை. கேலரிகள் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்வது வழக்கம். அதைக் கேட்டு முதலில் கோபம்தான் வந்தது. அதற்காக நேரில் வருகிறவருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தால் கேலரி நம்மை அப்புறம் சீண்டாது. ஒரே விலைதான் எங்கும்.

பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்ர சந்தை நடத்துகிறது. குமாரகிருபா சாலை முழுக்க ஓவியர்கள். முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். இரவு ரயிலில் கண்ணாடி ஃபிரேமோடு போவது தற்கொலை. மவுன்ட் மட்டும் போட்டு பிளாஸ்டிக் உறையில் கொண்டுபோனேன். அன்று காசாக மாறியது போஸ்ட்கார்டு அளவுப் படங்கள்தான். பெரிய படங்களின் முன் நின்றவர்கள் பேரம் பேசிவிட்டு, போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் சிலர் மாதங்கள் கழித்து அழைத்தார்கள். சந்தையின் லாபம் அந்த அழைப்புகளில் இருக்கிறது. அன்றைய கல்லாவை எண்ணிச் சோர்ந்துபோகிறவர்கள் மறு வருடம் வருவதில்லை.

எதிர்பாராமல் வந்த வேலையும் உண்டு. 1836-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கம் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. அதன் பிறகு, வெளியூரில் இருக்கும் திருச்சிக்காரர்கள் பழைய ஷட்டர் வரிசையை வரைந்து தரச் சொல்லிக் கேட்டார்கள். அங்கேதான் என் வரைவாளர் கை உதவிக்கு வந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பென்ஷன் வருகிறது. அது இல்லாமல், பிள்ளைகள் படிக்கிற வயதில், வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஓவியத்தில் காசு வரத் தொடங்கினால் கணக்கும் மாறும்: பென்ஷனுக்கு மட்டும் போட்ட ஐடிஆர்-1 வருமான வரிப் படிவம் போதாது, தொழில் வருமானத்துக்கான படிவத்துக்குப் போக வேண்டும். தாள், சாயம், ஃபிரேம் ரசீதுகளை எடுத்துவையுங்கள்.

ஆர்டர் எடுத்தால் பாதித் தொகை முன்பணம். "மலைக்கோட்டையும் தெரியணும் சார்" என்பது மாதிரி மாற்றமெல்லாம் பென்சில் ஸ்கெட்ச் காட்டும்போதே சொல்லிவிட வேண்டும். வாஷ் போட்ட பிறகு முடியாது என்று முதல் போனிலேயே சொல்லிவிடுகிறேன்.