வேலையும் இல்லை, லீவும் இல்லை

2018 டிசம்பர் 26. அமெரிக்காவில் பட்ஜெட் நிறைவேறாமல் மத்திய அரசு அலுவலகங்களை இழுத்து மூடிய 'ஷட்டவுன்' நேரம். மேரிலாந்தில் நான் வேலை பார்க்கும் மத்திய அரசு ஆய்வகத்துக்கு அன்று நான்கு மணி நேரம் மட்டும் வரச் சொல்லியிருந்தார்கள், கடையை ஒழுங்காக மூடுவதற்கு. சம்பளம் இல்லாமல் வீட்டில் இருக்கச் சொல்லும் ஃபர்லோ கடிதம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டேன். நிதி ஒதுக்கீடு இல்லாததால் பதில் தர இயலாது என்று மெயிலில் தானியங்கி பதில் ஒன்றைப் போட்டு வைத்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து என் தயிர் டப்பாவை எடுத்துக்கொண்டேன். ஜன்னலோரம் கற்பூரவல்லித் தொட்டி ஒன்று வைத்திருந்தேன், எப்படியும் பொங்கலுக்குள் திரும்பிவிடுவோம் என்று அதற்குத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுக் கிளம்பினேன்.

மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட 570 கோடி டாலர் இல்லாமல் பட்ஜெட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அதிபர் டிரம்ப், தரமாட்டோம் என்று ஜனநாயகக் கட்சி, நடுவில் எட்டு லட்சம் ஊழியர்கள். அதில் பாதிக்கு மேல் விமான நிலையச் சோதனைக்காரர்கள், வானிலை ஆட்கள் மாதிரி சம்பளமே இல்லாமல் வேலைக்கு வந்தாக வேண்டியவர்கள், மிச்சப் பேர் வீட்டில். இதை ஊரில் ஒருவருக்கும் விளக்க முடியவில்லை. லீவா? இல்லை. ஸ்டிரைக்கா? அதுவும் இல்லை. அரசாங்கத்துக்கு யாரும் இலவசமாக உழைக்கக் கூடாது என்று 1884இலேயே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். 1980இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி அதற்குக் கறாராக விளக்கம் கொடுத்தார், அன்றிலிருந்து பட்ஜெட் நின்றால் அலுவலகமும் நிற்கிறது. ஆபீஸ் மெயிலை ஃபோனில் திறந்து பார்த்தால்கூடத் தப்பு.

வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள் வீட்டுக்காரருக்கு எழுத வேண்டிய மாதிரிக் கடிதம் ஒன்றை மத்திய அரசின் பணியாளர் நிர்வாகப் பிரிவு வெளியிட்டது. வாடகைக்குப் பதிலாகப் பெயின்ட் அடித்துத் தருகிறேன், தச்சு வேலை செய்து தருகிறேன் என்று கேட்டுப் பார்க்கலாமாம். எனக்கு ஆணி அடிக்கவே தெரியாது.

டாலஸில் இருக்கும் பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், சுவர் கட்சி. ஓட்டுப் போடும் உரிமை அவருக்கு இன்னும் வரவில்லை, பல வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார், அந்தக் கடுப்புதான் சுவராக மாறியது என்று நான் நினைக்கிறேன். "நாமெல்லாம் ஃபைல் தூக்கிட்டு வரிசையில நிக்கிறோம், அவங்க மட்டும் நடந்தே உள்ள வரலாமா?" என்பார். அந்தக் கேள்வி எனக்குப் புரிகிறது. அதற்கு என் சம்பளத்தை ஏன் பிடிக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை. சம்பளம் கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தானே என்று டிரம்ப் ட்வீட் போட்ட அன்று, அதை எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்தார். நான் பதிலுக்குக் கத்தவில்லை. திருச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் தங்கைதான் கத்தினாள். "அக்கா வீட்டு லோனை நீங்க கட்டுவீங்களாண்ணே?"

ஜனவரி நடுவில் வந்த சம்பளச் சீட்டில் பூஜ்யம். என் கணவருக்குத் தனியார் வேலை, அதனால் அடுப்பு எரிந்தது, பொய் சொல்ல வேண்டாம். ஆனாலும் அந்தப் பூஜ்யத்தைப் பார்ப்பது ஒரு மாதிரிதான் இருந்தது. 16ஆம் தேதி, நின்றுபோன சம்பளம் பிறகு கண்டிப்பாக வரும் என்று சட்டமே போட்டார்கள். அண்ணன் உடனே எழுதினார்: "வேலையே பார்க்காம முழுச் சம்பளம். ஜாலிதாம்மா உனக்கு." தங்கை அதற்கும் ஏறினாள்.

22ஆம் தேதி கதை திரும்பியது. தமிழ்நாட்டில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் காலவரையற்ற வேலைநிறுத்தம், பழைய ஓய்வூதியத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்த ஓய்வூதியம் கிடையாது, தங்கை சேர்ந்தது 2006இல். அவளும் மறியலில் உட்கார்ந்தாள். அதே குழுவில் அதே அண்ணன்: "பசங்களுக்குப் பரீட்சை நேரம். வேலையே பார்க்காம சம்பளம் மட்டும் வேணும் இவங்களுக்கு." இந்த முறை சித்தப்பா, மாமா எல்லாரும் கட்டைவிரல் தூக்கினார்கள். குழுவில் பாதிப் பேருக்கு டிரம்பைப் பிடிக்காது, வாத்தியார் ஸ்டிரைக் என்றால் எல்லாரும் ஒரே கட்சி.

நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதி எழுதி அழித்தேன் என்பதுதான் சரி. எனக்கே உள்ளுக்குள் அந்த எண்ணம் கொஞ்சம் இருந்தது, பரீட்சை நேரத்திலா என்று. இரண்டு நாள் கழித்து தங்கை கூப்பிட்டாள், பின்னால் ஏதோ கோஷம், ஒலிபெருக்கி இரைச்சல். "உன்னைச் சொன்னப்ப நான் சண்டை போட்டேன்ல. என்னைச் சொன்னா உன் வாய்க்கு என்ன ஆச்சு?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் எங்கள் துறையின் அமைச்சரே, வில்பர் ராஸ், ஊழியர்கள் இலவச உணவு மையங்களுக்கு ஏன் போகிறார்கள் என்று தனக்கு விளங்கவில்லை, கடன் வாங்கிக்கொள்ளலாமே என்று டிவியில் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அவரைத் திட்ட வாயைத் திறந்தேன், அப்புறம்தான் 2003 ஞாபகம் வந்தது. அந்த ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை ஒட்டுமொத்தமாக டிஸ்மிஸ் செய்தார்களே, அதில் எங்கள் அப்பாவும் ஒருவர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. நான் அப்போது இங்கே படிப்பு முடித்த புதிது, ஃபோன் கார்டில் நிமிஷக் கணக்கு பார்த்துப் பேசும் காலம், அந்த நிமிஷங்களில் நான் அப்பாவிடம் கேட்டது இதுதான்: "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இந்த வம்பு? பணம் வேணும்னா நான் அனுப்பறேன்ல?" அப்பா சரிம்மா என்று மட்டும் சொன்னார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு, இனி செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர்களைத் திரும்பச் சேர்த்தார்கள். அப்பா எழுதிக் கொடுத்தார். அதன் கார்பன் நகலை அலமாரியில் எல்.ஐ.சி. பாலிசிகளோடு வைத்திருந்ததாக அம்மா பிற்பாடு சொன்னார். நான் அதைப் பார்த்ததில்லை.

ராத்திரி குழுவில் இரண்டு வரி எழுதினேன், ஸ்டிரைக் பண்ணும் நாளுக்கு அவளுக்குச் சம்பளம் கிடையாது, வீட்டில் சும்மா இருக்கும் எனக்குத்தான் உண்டு, கணக்கைச் சரியாகப் போடுங்கள் அண்ணா என்று. அண்ணன் ஒரு கும்பிடு போட்டார். அது கிண்டலா மரியாதையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

25ஆம் தேதி நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் ஆள் பற்றாக்குறையால் விமானங்கள் தாமதமாக ஆரம்பித்ததும், 35 நாள் நடக்காத சமரசம் ஒரே பகலில் நடந்தது. சுவருக்கு ஒதுக்கீடு இல்லாமலேதான் திறந்தார்கள். திங்கட்கிழமை போனால் கற்பூரவல்லி இலை எல்லாம் சுருங்கி, தண்டு மட்டும் பச்சையாக நின்றது. எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அம்மா ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர், அந்தச் சட்டம் அவரைச் சேர்க்கவில்லை, ஐந்து வாரச் சம்பளம் போனது போனதுதான். ஹேப்பி நியூ இயர் என்று சொல்லிவிட்டுக் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். நான் என்ன சொல்ல?

தங்கையின் போராட்டம் 30ஆம் தேதி முடிந்தது, கேட்டது எதுவும் கிடைக்காமல். அந்த வாரக் கடைசியில் அப்பா கூப்பிட்டார்.

"திரும்பச் சேர்த்துக்கிட்டாங்களாம்மா?"

"சேர்த்துக்கிட்டாங்கப்பா. பாக்கியும் வந்துரும்."

"ஏதாவது எழுதிக் குடுக்கச் சொன்னாங்களா?"

"இல்லப்பா."

"ஒண்ணும் எழுதி வாங்கலையா?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு, ஃபோனை அம்மாவிடம் கொடுத்தார்.