கில் ஆகியும் நகராத செஷன்

குறுவை அறுவடை நேரம். மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ்மில்லிலிருந்து போன். "அண்ணே, எடைச்சீட்டு சேவ் ஆகவே மாட்டேங்குது." வெளியே நெல் லோடோடு டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன, வானம் வேறு இருட்டுகிறது என்றார் கணக்கர்.

மில்லில் இருப்பது விண்டோஸ் சர்வர். தஞ்சாவூர் தலைமை அலுவலகத்தில் லினக்ஸ். இரண்டிலும் ஆரக்கிள் டேட்டாபேஸ்தான், இரண்டையும் இணைக்கும் டிபி லிங்க் வழியாக இருப்புக் கணக்கு போய்க்கொண்டிருக்கும். நடுவில் நெட் லைன் அறுந்ததில், தஞ்சாவூரிலிருந்து பதில் வரும் வரும் என்று ஒரு செஷன் (டேட்டாபேஸில் திறந்திருக்கும் ஓர் இணைப்பு) காத்துக் கிடந்தது. டேபிளில் அது பூட்டி வைத்த வரிசைக்காக (ரோ) மற்றவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். செஷன்களைப் பட்டியலிடும் வி டாலர் செஷனில் (V$SESSION) பிளாக்கிங் செஷன் என்ற நெடுவரிசையைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

அந்தச் செஷனை நிறுத்த கில் கொடுப்பதற்கு முன்பே, வி டாலர் பிராசஸிலிருந்து அதன் எஸ்பிஐடியை (இயக்க முறைமை தரும் எண்) குறித்து வைத்துக்கொண்டேன். கில் ஆன பிறகு அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. நினைத்தபடியே, ஆல்டர் சிஸ்டம் கில் செஷன் ஒரு நிமிடம் முக்கிவிட்டு ஓஆர்ஏ-00031 என்றது. 'கில் செய்யக் குறித்தாகிவிட்டது', அவ்வளவுதான். பூட்டு அப்படியே.

"டாஸ்க் மேனேஜர்ல ஆரக்கிளை எண்ட் பண்ணிடவா?" என்றார் கணக்கர். ஐயோ, வேண்டாம்! விண்டோஸில் ஆரக்கிள் முழுவதும் ஒரே பிராசஸ். செஷன்கள் அதற்குள் ஓடும் திரெட்கள். எண்ட் கொடுத்தால் டேட்டாபேஸே விழுந்துவிடும். அங்கே ஓராகில் (orakill) என்ற கட்டளைதான் சரி: முதலில் இன்ஸ்டன்ஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஆரக்கிள்) பெயர், அடுத்து எஸ்பிஐடி. செஷன் எண்ணைக் கொடுக்கக் கூடாது. கொடுத்ததும் எடைச்சீட்டு பிரிண்டர் ஓட ஆரம்பித்தது போனிலேயே கேட்டது.

தஞ்சாவூரில் அதன் மறுமுனை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. லினக்ஸில் டெடிகேட்டட் செஷன் ஒவ்வொன்றும் தனி பிராசஸ் என்பதால் கில் மைனஸ் 9 போதும். ஆனால் பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கொடுத்து, அது 'லோக்கல்=நோ' என்று முடியும், அதாவது நெட்வொர்க் வழியாக வந்த பிராசஸ்தானா என்று பார்த்த பிறகே. தவறிப்போய் ஆரக்கிளின் பின்னணி பிராசஸ்களான பிமான், ஸ்மான் மேல் கை வைத்தால் இன்ஸ்டன்ஸே போய்விடும். அப்புறம் டிபிஏ 2பிசி பெண்டிங் என்ற பட்டியலையும் பார்த்தேன், பாதியில் நின்ற பரிவர்த்தனை ஏதும் இல்லை.

தஞ்சாவூர் சர்வரில் நெட்வொர்க் அமைப்புகள் இருக்கும் எஸ்கியூஎல்நெட் கோப்பில் எக்ஸ்பையர் டைம் 10 நிமிடம் என்று போட்டுவைத்தேன். எதிர்முனை செத்துவிட்டதா என்று சர்வரே அவ்வப்போது தட்டிப் பார்த்துக்கொள்ளும். புதிதாக இணையும் செஷன்களுக்குத்தான் அது செல்லும். பழையவற்றை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.