முதலில் எது என்று எழுதுங்கள்: காலநிலை, எரிசக்திக் கேள்விகளுக்கு நான் தயாரான விதம்

தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் என் ஊர். குடிமைப் பணி முதன்மைத் தேர்வை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதல் முறை ஜி.எஸ். (பொது அறிவு) மூன்றாம் தாளில் சறுக்கினேன். அதிலும் காலநிலை, எரிசக்திக் கேள்விகளில் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வந்திருந்தேன்.

அது ஏன் தவறு என்று எனக்குப் புரிந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வீட்டு வேலை குறைவு, படிக்க நேரம் நிறைய. ராமநாதபுரத்தில் சேர்ந்து படித்த எங்கள் குழுவில் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தித் தருவார். காலநிலைக் கொள்கையில் இந்தியா எதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது கேள்வி. காலநிலை மாற்றத்துக்கென 2008-ல் வந்த தேசியச் செயல்திட்டத்தின் எட்டு இயக்கங்கள், பாரிஸ் ஒப்பந்தம், நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் 2070 இலக்கு, பசுமை ஹைட்ரஜன், அலையாத்திக் காடு, மின்வாகனம் என்று அடுக்கியிருந்தேன். அக்கா தாளைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார்: "பதிமூணு திட்டம் எழுதியிருக்கீங்க தம்பி. கையில நூறு ரூபாதான் இருக்கு. எதுக்கு எவ்வளவு கொடுப்பீங்க? எதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து படிக்கும் முறையை மாற்றினேன்.

ஒரு திட்டத்தைப் பற்றிப் படித்தால், அதனால் வருஷத்துக்கு எத்தனை டன் கரியமில வாயு குறையும் என்று நானே ஒரு கணக்குப் போடுவேன். பெரிய கணிதம் வேண்டாம், பெருக்கத் தெரிந்தால் போதும். முதல் படி, அது எத்தனை யூனிட் மின்சாரம் தரும் என்று பார்ப்பது. நம் மாவட்டத்து கமுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் வந்த சூரிய மின் நிலையம், திறன் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். உப்பூரில் திட்டமிட்ட அனல் மின் நிலையம் 1,600 மெகாவாட். அதன் சுற்றுச்சூழல் அனுமதியை 2021-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டரை மடங்கு வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் சூரியத் தகடு முழுத்திறனில் ஓடும் நேரம் வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமம். ஆகவே கமுதிக்கு ஏறத்தாழ 110 கோடி யூனிட் வரும். அனல் நிலையம் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓடுவதாக வைத்தால் 900 கோடி யூனிட்டைத் தாண்டும். வித்தியாசம் எட்டு மடங்கு!

இந்த ஒரு கணக்கு எனக்குப் பல கதவுகளைத் திறந்தது. நாட்டின் நிறுவுதிறனில், அதாவது எல்லா மின் நிலையங்களின் மொத்தத் திறனில், பாதி நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாத மூலங்களிலிருந்து வந்துவிட்டது என்று 2025-ல் செய்தி வந்தபோது, உற்பத்தியில் இன்னும் பெரும்பங்கு நிலக்கரிதான் என்பதையும் சேர்த்து எழுத முடிந்தது. மாலை ஆறு மணிக்குமேல் தேவை ஏறும்போது கமுதியிலிருந்து ஒன்றும் வராது. அப்படியானால் அடுத்த நூறு ரூபாய் இன்னும் தகடுகளுக்கா, மின்சாரச் சேமிப்புக்கும் மின்தொடரமைப்புக்குமா? நான் இரண்டாவதையே எழுதினேன். இதை மறுப்பவர் இருக்கலாம், ஆனால் காரணத்தோடு ஒரு பக்கம் நிற்கும் விடைக்கு எடை உண்டு.

அப்புறம், செலவு யாருடையது, லாபம் யாருக்கு என்று பாருங்கள். இதைப் பலர் தொடுவதே இல்லை. 60 வாட் குண்டு பல்பை 9 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால், தினம் நாலு மணி நேரக் கணக்கில் வருஷத்துக்கு 74 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால் 50 கிலோவுக்குமேல் கரியமில வாயு குறைகிறது. நிலம் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். மின்சிக்கனம் முதலிடம் பெற இதுவே போதும். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் வாழும் எங்கள் தெரு வீடுகளுக்குக் கட்டணமே இல்லை, ஆகவே பல்பு மாற்றினாலும் கூரையில் சூரியத் தகடு போட்டாலும் அந்த வீட்டுக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை. மிச்சமாவது அரசின் மானியம். அதனால் முதல் செலவை அரசே ஏற்பதுதான் நியாயம் என்று எழுதினேன். பாடப்புத்தகத்தில் கிடைக்காத வரி அது, எங்கள் தெருவிலிருந்து வந்தது.

தகவமைப்பை, அதாவது காலநிலை மாற்றத்தின் பாதிப்பைத் தாங்கிக்கொள்ளச் செய்யும் வேலைகளை, டன் கணக்கில் அளக்காதீர்கள். நான் செய்த பெரிய தவறு அது. எங்கள் கடற்கரையில் உள்ள காரங்காடு அலையாத்திக் காட்டை அது பிடித்துவைக்கும் கார்பனை வைத்து மட்டும் மதிப்பிட்டு, பட்டியலின் கடைசியில் தள்ளியிருந்தேன். அலையைத் தடுப்பதும், இறால், நண்டுக் குஞ்சுகள் வளர்வதும் அந்த அளவுகோலில் விழவே விழாது. எங்கள் கரை வெளியிடும் புகை மிகக் கொஞ்சம், இழப்போ அதிகம். 1964-ல் தனுஷ்கோடியை அழித்தது ஒரே இரவுப் புயல். இங்கே உயிர், தொழில் நாட்கள், குடிநீர் இவைதான் அளவுகோல். ஆகவே ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தாமல் தணிப்புக்கு (புகையைக் குறைப்பதற்கு) ஒரு வரிசை, தகவமைப்புக்கு ஒரு வரிசை என்று பிரித்துக்கொண்டேன்.

காரணத்தையும் பிரித்துப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. கடல்மட்ட உயர்வு என்று ஒரே வரியில் முடித்தேன். அக்கா அதை வட்டமிட்டார். பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதே நேரம் 2010, 2016 கோடைகளில் பவளம் வெளுத்ததற்குக் கடல் சூடேறியதுதான் காரணம். முன்னதைக் காவலும் சட்டமும் நிறுத்தும், பின்னதை ராமநாதபுரம் தனியாக நிறுத்த முடியாது. காரணம் மாறினால் முன்னுரிமையும் மாறும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. 20 கேள்விக்கு மூன்று மணி நேரம். பத்து மதிப்பெண் கேள்விக்கு ஏழு நிமிஷம்தான். நான் முதல் வரியிலேயே 'முதலில் இது, ஏனென்றால்' என்று எழுதிவிடுவேன், எதைத் தள்ளிவைக்கிறேன் என்பதைக் கடைசிப் பத்தியில். இடையில் ஒரே ஒரு கணக்கு.

தடைக்காலம் முடிகிற வாரம் கடைசி மாதிரித் தேர்வு. சேமிப்பு மின்கலத்துக்கு முதலிடம் கொடுத்து, கமுதிக் கணக்கோடு எழுதியிருந்தேன். அக்கா முழுதும் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'சரி. பணம் யார் கட்டுவார்?' தாளை வாங்கிக்கொண்டு போய் மறுபடி எழுத உட்கார்ந்தேன்.