அழித்த பிறகும் வட்டில் இருக்கும் நிரல்கள்

இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கிவைத்த கிளாஸ் திட்டம் 1984-இல் உருவானபோது, அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட கணினி பிபிசி மைக்ரோ. அந்தக் காலத்தில் சென்னைப் பள்ளியொன்றில் கணினி கற்பித்து ஓய்வுபெற்ற என் ஆசிரியை, மாணவர்கள் எழுதிய நிரல்கள் இருந்த ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளை என்னிடம் ஒப்படைத்து, அவற்றில் பல நிரல்கள் அடுத்த வகுப்புக்கு இடம் வேண்டி அழிக்கப்பட்டவை என்றும் சொன்னார். அழிக்கப்பட்ட அந்த நிரல்களை மீட்பதற்காகவே ஒரு வட்டுக் கருவியை எழுதிவருகிறேன்.

பிபிசி மைக்ரோவைத் தயாரித்த ஏகார்ன் நிறுவனத்தின் டிஎஃப்எஸ் என்ற வட்டுக் கோப்பு முறையில், 80 டிராக் (வட்டப் பாதை) கொண்ட வட்டின் ஒரு பக்கத்தில் 800 செக்டார்கள் (டிராக்கின் சிறு பகுதிகள்) உண்டு. ஒவ்வொரு செக்டாரும் 256 பைட். முதல் இரண்டு செக்டார்களில் கோப்புப் பட்டியல் இருக்கிறது, அதில் 31 கோப்புகளுக்கு மேல் இடமில்லை. ஒரு வகுப்பே ஒரு வட்டைப் பகிர்ந்துகொள்ளும்போது, வட்டில் இடம் மிச்சமிருந்தாலும் பட்டியல் நிறைந்துவிடும். ஏதாவது ஒன்றை அழித்தாக வேண்டும். ஆனால் அழிக்கும்போது பட்டியலிலிருந்து அந்தக் கோப்பின் பதிவு மட்டுமே நீக்கப்படுகிறது. நிரல் இருந்த செக்டார்களை யாரும் தொடுவதில்லை.

இதைவிடப் பெரிய உதவி, டிஎஃப்எஸ் ஒரு கோப்பைத் துண்டுதுண்டாகச் சிதறவைக்காமல் அடுத்தடுத்த செக்டார்களில் ஒரே தொடராக எழுதுகிறது என்பது. ஆகவே பட்டியலிலுள்ள கோப்புகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களைக் கணக்கிட்டு, அங்குள்ள ஒவ்வொரு செக்டாரின் முதல் பைட்டையும் என் கருவி பார்க்கிறது. அந்தக் கணினியின் நிரல் மொழியான பிபிசி பேசிக்கில் ஒவ்வொரு வரியும் 13 என்ற பைட்டில் தொடங்கும். அடுத்த இரண்டு பைட்டுகள் வரி எண், நான்காவது அந்த வரியின் நீளம். அந்த நீளத்தைக் கூட்டி முன்னே சென்றால் மறுபடியும் 13 வர வேண்டும். இப்படியே தொடர்ந்து 13-ஐ அடுத்து 255 வரும் இடத்தில் முடிந்தால், கிடைத்தது ஒரு முழு நிரல் என்று நம்பிக்கையுடன் சொல்லலாம். எந்த ஊகத்துக்கும் இடம் தராத இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது.

பதிவோடு கோப்பின் பெயரும் போய்விடுவதால், மீட்ட நிரலுக்கு அதன் தொடக்கச் செக்டார் எண்ணையே பெயராக வைக்கிறேன். மாணவர்கள் பலர் முதல் வரியில் ரெம் குறிப்பாக (கணினி இயக்காமல் விட்டுவிடும் குறிப்பு) தங்கள் பெயரையும் வகுப்பையும் எழுதியிருப்பதால், எது யாருடையது என்பதை ஆசிரியையே அடையாளம் காண்கிறார்.

இவையனைத்தையும் வட்டின் நகலில்தான் செய்கிறேன். சென்னையின் ஈரக்காற்றில் பழைய ஃபிளாப்பிகளில் பூஞ்சை படர்கிறது. அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்காமல் டிரைவில் செருகினால், பூஞ்சை காந்தத் தலையில் ஒட்டி அடுத்த வட்டையும் கீறும். எனவே சுத்தம் செய்த வட்டை ஒருமுறை முழுதாகப் படித்து, 2,04,800 பைட் கொண்ட கோப்பாகச் சேமித்துவிட்டு, மூல வட்டை உறைக்குள் வைத்துவிடுகிறேன். மூல வட்டில் எழுதும் வசதி கருவியில் கிடையாது. இனியும் சேர்க்க மாட்டேன். வெற்றிடங்களை ஒழுங்குபடுத்தும் காம்பாக்ட் கட்டளையை ஒருமுறை இயக்கினாலே, மற்ற கோப்புகள் நகர்ந்து வந்து அழிந்த நிரல்களின் மேல் உட்கார்ந்துவிடும்.

இப்போது என் கவனமெல்லாம் பின்பாதி மேலெழுதப்பட்ட நிரல்களின் மீது இருக்கிறது. முடிவுக் குறி இல்லாத அவற்றை ஏற்றினால், நிரல் கெட்டுவிட்டது என்று பேசிக் மறுத்துவிடும். சங்கிலி அறுந்த இடத்துக்கு முந்தைய வரியோடு நிறுத்தி, நகலில் மட்டும் 13, 255 ஆகிய இரண்டு பைட்டுகளைச் சேர்க்கும் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சேர்த்தால், எஞ்சிய வரிகளையாவது லிஸ்ட் கட்டளையால் திரையில் வாசிக்க முடியும்.